'நல்ல விஷயம்தான்' என்கிறார்கள், ஆனால் யாரும் பகிர்வதில்லை

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் மேம்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆசிரியர்கள் தங்கள் பாடக்குறிப்பு, ஸ்லைடு, பயிற்சிக் கணக்கு, ஆய்வகக் கையேடு போன்றவற்றைத் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, வெளியிடுவதற்காக ஓர் இணையக் களஞ்சியம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. மூன்று முறை சுற்றறிக்கை அனுப்பினோம், பயிலரங்கும் நடத்தினோம். சுமார் 400 ஆசிரியர்களில் இதுவரை 9 பேர்தான் ஏதாவது ஏற்றியிருக்கிறார்கள், அதிலும் 4 பேர் எங்கள் பிரிவுக்காரர்களே. நேரில் கேட்டால் எல்லோரும் 'நல்ல விஷயம்தான்' என்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைக் கட்டாயமாக்கிவிடலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு அடிபடுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

பதில்:

முதலில் கட்டாயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், அதற்குத்தான் தேதி நெருங்குகிறது. உங்களுக்குப் படுவது சரி, வேண்டாம். கட்டாயப்படுத்தினால் களஞ்சியம் நிறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதைக் கொடுத்தால் தனக்குத் தலைவலி இல்லையோ அதைத்தான் ஒவ்வொருவரும் கொடுப்பார்கள்: பாடத்திட்டத்தின் நகல், பத்து வருடத்துக்கு முந்தைய வினாத்தாள், ஸ்கேன் எடுத்த மங்கலான பிடிஎஃப். இதை நம்பித் தேடி வரும் வெளி ஆசிரியர் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டார். அதைவிட மோசம், இன்றைக்கு 'நல்ல விஷயம்தான்' என்று சொல்கிறவர்கள் நாளைக்கு 'இதுவும் ஒரு தொல்லை' என்று சொல்லத் தொடங்குவார்கள், அந்தப் பேச்சை மாற்ற உங்களுக்குப் பல வருடம் பிடிக்கும்.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் வகுப்புகளின் பாடப்பொருட்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. 2002ல் 50 பாடங்களோடு முன்னோட்டம், 2007 முடிவதற்குள் சுமார் 1,800 பாடங்கள். அங்கே ஆசிரியர்கள் விருப்பப்பட்டுத்தான் தந்தார்கள். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. ஆசிரியரிடமிருந்து கோப்புகளை வாங்கி, ஒழுங்குபடுத்தி, உள்ளே இருக்கும் பிறர் படங்களுக்கு அனுமதி கேட்டு, கிடைக்காத இடத்தில் வேறு படம் போட்டு, இணையத்தில் ஏற்றியதெல்லாம் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட தனிக் குழு. ஆசிரியரின் தலையில் அந்த வேலையைக் கட்டவில்லை. இப்படித் திறந்த உரிமத்தில் வெளியாகும் பாடப்பொருட்களைத் திறந்த கல்வி வளம் என்பார்கள்; எடின்பரோ பல்கலைக்கழகம் 2016ல் கொண்டுவந்த திறந்த கல்வி வளக் கொள்கையும் ஊக்குவிக்கிறதே தவிர உத்தரவு போடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதற்கென்று ஒரு சேவைப் பிரிவும் அங்கே இருக்கிறது. உங்கள் ஆசிரியர்களிடம் மனம் இல்லை என்று நிர்வாகம் நினைக்கிறது. கடிதத்தைப் படித்த வரைக்கும், குறைவது உதவி என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் இந்த வேலையில் சேர்ந்த புதிதில் நீங்கள் செய்ததையேதான் செய்தேன். சுற்றறிக்கை, பயிலரங்கு, அப்புறம் 27 கட்டங்கள் கொண்ட ஒரு பதிவேற்றப் படிவம். ஒரு வருடத்தில் எட்டு கோப்புகள் வந்தன. அப்புறம் கோப்பு எதையும் கேட்காமல், துறை துறையாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: 'கடைசியாக உங்கள் ஸ்லைடை யாருக்கு அனுப்பினீர்கள்?' பதில் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. தன் பாடத்தை இந்த செமஸ்டர் எடுக்கும் புது ஆசிரியருக்கு, வேறு கல்லூரியில் இருக்கும் தோழிக்கு, வாட்ஸ்அப்பில் மாணவர் குழுவுக்கு, ஆராய்ச்சி செய்யப்போன பழைய மாணவருக்கு. பகிர்தல் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. முகம் தெரிந்தவருக்குக் கொடுக்கிறார்கள், முகம் தெரியாதவருக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். உங்கள் வேலை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 'பகிருங்கள், பகிருங்கள்' என்று சொல்வதால் அது குறையாது, ஏனென்றால் அவர்கள் தங்களைப் பகிராதவர்களாக நினைக்கவே இல்லை.

அந்தத் தயக்கத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் கூச்சம். முப்பது வருடம் பாடம் எடுத்த ஒருவர் என் கண்முன்னே லேப்டாப்பை மெல்ல மூடினார். 'இது எனக்கு மட்டும் புரியும்படி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போட்டது, இதை வெளியில் வைத்தால் இவருக்கு இவ்வளவுதான் தெரியுமா என்பார்கள்' என்றார். ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் மதிப்பீட்டாளர் பார்த்து, திருத்தி, சக ஆசிரியர் படித்து, அதற்கப்புறம்தான் வெளியே வரும். வகுப்புக் குறிப்புக்கு அப்படி ஒரு காவல் கிடையாது, நேராகத் தெருவில் நிற்பதுபோல இருக்கிறது அவர்களுக்கு. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். நேரம் இல்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் சொல்ல வருவது இதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

அதனால் முழுப் பாடத்தையும் கேட்காதீர்கள். சின்னதாக, தனித்து நிற்கக்கூடிய ஒரு துண்டைக் கேளுங்கள். திறந்த கல்வி பற்றித் தொடர்ந்து எழுதிவரும் மார்ட்டின் வெல்லர் பெரிய வளம், சிறிய வளம் என்று இரண்டாகப் பிரிப்பார். நிறுவனம் பணம் போட்டுப் பளபளப்பாகச் செய்து வெளியிடுவது ஒன்று, தனி ஆசிரியர் அன்றாட வேலையின் போக்கில் செய்து அப்படியே வெளியே விடுவது இன்னொன்று. இரண்டாவதில் யாரும் பளபளப்பை எதிர்பார்ப்பதில்லை. அதே துறையில் எழுதும் டேவிட் வைலி சொன்ன ஒரு முரணும் இங்கே உதவும். ஒரு பாடப்பொருளில் சூழல் எவ்வளவு அதிகமாக ஏறியிருக்கிறதோ அவ்வளவு நன்றாக அது பாடம் நடத்தும், ஆனால் அந்த அளவுக்கு அதை வேறு இடத்தில் எடுத்துப் போடுவது கஷ்டம். அதாவது ஒருவரின் 42 ஸ்லைடு கொண்ட வகுப்பு அவருக்கு அருமையாக இருக்கும், அடுத்தவருக்கு அதில் வேண்டியது ஒரு வரைபடமும் இரண்டு கணக்கும்தான்.

எதைக் கேட்கலாம் என்றால், நான் முதலில் கேட்பது இது: 'மாணவர்கள் எந்த இடத்தில் எப்போதும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதைச் சரிசெய்ய நீங்கள் என்ன செய்வீர்கள்?' கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். எந்தக் கணக்கைப் போட்டால் மாணவர் எந்தத் தவறான விடைக்குப் போவார், ஏன் போவார், அப்போது என்ன கேட்டால் அவரே திரும்பி வருவார் என்பது பாடநூலில் எளிதில் கிடைக்காத அறிவு, வருடக்கணக்காக வகுப்பில் நின்றவருக்கு மட்டும் தெரிந்தது. அதை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கினால் அந்தப் பாடத்தை முதல் தடவை எடுக்கப்போகும் யாரோ ஒருவருக்கு அது பொக்கிஷம். எழுதுகிறவருக்கும் இதில் கூச்சம் வராது, ஏனென்றால் இதில் தான் கெட்டிக்காரர் என்று அவருக்கே தெரியும். மேலே தேதியையும் 'பதிப்பு 1, திருத்தங்கள் வரவேற்கப்படுகின்றன' என்றும் போடச் சொல்லுங்கள், அந்த ஒரு வரி மனதில் இருக்கும் பாரத்தைப் பாதியாக இறக்கிவிடும்.

அடுத்தது பதிப்புரிமை. இது வெறும் பயம் இல்லை, நிஜமான சிக்கல், அதனால் 'ஒன்றும் ஆகாது' என்று தட்டிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஸ்லைடுகளில் பாடநூலில் இருந்து வெட்டிய படம், தேடுபொறியில் கிடைத்த புகைப்படம், யாரோ வரைந்த விளக்கப்படம் எல்லாம் கலந்திருக்கும். பல நாடுகளில் வகுப்பறைப் பயன்பாட்டுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் வகுப்பறைக்குள் பொருந்தும் அந்த விலக்கை நம்பி அதே ஸ்லைடை உலகத்துக்கே திறந்துவைக்க முடியாது. ஆசிரியருக்கு இது அரைகுறையாகத் தெரியும், அரைகுறையாகத் தெரிந்ததால் பயம் இன்னும் அதிகம். இதற்கு மருந்து பயிலரங்கு இல்லை. ஒருவரின் ஒரே ஒரு வகுப்பின் ஸ்லைடுகளைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக 'இது யாருடையது?' என்று கேட்டுக்கொண்டே போங்கள். அவருடையது என்றால் இருக்கட்டும். பிறருடையது என்றால் விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இணையப் படக் களஞ்சியத்திலிருந்து திறந்த உரிமம் உள்ள ஒன்றை எடுத்து மாற்றலாம், அல்லது நாமே எளிமையாக வரைந்துவிடலாம், அதுவும் முடியாவிட்டால் படத்தை எடுத்துவிட்டு அது இருக்கும் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம். முதல் தடவை ஒரு மணி நேரம்போல ஆகும், இரண்டாவது தடவை அதில் பாதி. மூன்றாவது தடவை உங்களைக் கூப்பிடவே மாட்டார், புது ஸ்லைடு செய்யும்போதே நல்ல படமாக எடுத்துப் போட்டுவிடுவார். நூலகத்தில் பதிப்புரிமை தெரிந்த ஒருவர் இருந்தால் அவரையும் கூட அழைத்துப் போங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, பாடக்குறிப்பு யாருடைய சொத்து என்பது. வேலை ஒப்பந்தத்தின்படி நிறுவனத்துடையது என்று சில இடங்களில், ஆசிரியருடையது என்று சில இடங்களில், எழுதாமலே விட்டுவைத்திருப்பது நிறைய இடங்களில். உங்கள் நிர்வாகம் உண்மையிலேயே உதவ நினைத்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் கட்டாயத்துக்குப் பதிலாக இதற்கு ஒரு பக்கத்தில் தெளிவான பதில் எழுதிக் கொடுக்கட்டும்: ஆசிரியர்கள் தாங்கள் உருவாக்கிய பாடப்பொருளைத் திறந்த உரிமத்தில் வெளியிடலாம், அதற்காக யாரிடமும் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை, நல்லெண்ணத்தோடு செய்ததில் தவறு நேர்ந்தால் நிறுவனம் துணை நிற்கும். இந்த மூன்று வாக்கியமும் எழுத்தில் வந்தால் நீங்கள் இதுவரை அனுப்பிய மூன்று சுற்றறிக்கைகளைவிட அதிகம் வேலை செய்யும்.

'யாராவது எடுத்துத் தன் பெயர் போட்டுக்கொண்டால்?' என்று கட்டாயம் கேட்பார்கள். இதற்குப் பதில் உரிமத்திலேயே இருக்கிறது. தன் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆக்கியவர் முன்கூட்டியே சொல்லிவிட உதவும் ஆயத்தத் திறந்த உரிமங்கள்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், 2002 டிசம்பரில் வந்தன, இன்றைக்கு ஆறு வகை. ஆறுக்கும் பொதுவானது, ஆக்கியவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது. மாற்றலாமா, மாற்றியதையும் இதே உரிமத்தில்தான் விட வேண்டுமா, வணிகத்துக்கு எடுக்கலாமா என்ற மூன்று கேள்விகளில்தான் அவை வேறுபடுகின்றன. இதை இப்படியே, சட்ட மொழி இல்லாமல் சொல்லுங்கள். பெயர் போடாமல் இப்போதும் எடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், தேதியோடு பொது இடத்தில் வெளியிட்டால் இது முதலில் யாருடையது என்பதற்கு ஆதாரமாவது இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். தன் பொருளை யாராவது மாற்றியிருந்தால் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும், அந்த மாற்றம் பிடிக்காவிட்டால் தன் பெயரை அதிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமத்தில் இடம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது, தெரிந்ததும் நிம்மதி அடைகிறார்கள்.

எந்த உரிமம் என்பதில் உங்கள் கருத்தைத் திணிக்காதீர்கள். எம்ஐடி வணிகப் பயன்பாட்டை அனுமதிக்காத உரிமத்தில் வெளியிடுகிறது, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் பாடநூல்களில் பெரும்பாலானவை பல வருடம் பெயர் சொன்னால் போதும் என்ற உரிமத்தில் வந்தன, இரண்டுமே உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. மாற்றவே கூடாது என்ற உரிமத்தை மட்டும் நான் தவிர்க்கச் சொல்வேன், மொழிபெயர்த்தோ தன் வகுப்புக்கு ஏற்ப வெட்டியோ வெளியிட முடியாது என்றால் பகிர்ந்ததில் பாதி அர்த்தம் போய்விடுகிறது. ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. களஞ்சியத்திலிருந்து கோப்பை எடுத்துவிடலாம், ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர் உரிமத்தின்படி தொடர்ந்து பயன்படுத்தலாம். பிற்பாடு இது தெரியவந்தால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

வகுப்புக்கு மாணவர் வருவது குறையும் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. குறிப்பைப் படித்தால் போதும் என்றிருக்கும் வகுப்பில் குறிப்பு வெளிவராவிட்டாலும் கூட்டம் குறையும், இதில் நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை.

சரி, நேரமும் பலனும். உங்கள் படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தலைப்பு, ஆசிரியர், பாடப்பிரிவு, இரண்டு வரி விளக்கம், உரிமம், இந்த ஐந்தை மட்டும் அவர்களிடம் கேளுங்கள், மீதியை உங்கள் பிரிவு நிரப்பட்டும். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள், பென் டிரைவில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிடிஎஃப் மட்டும் போதாது, திருத்தக்கூடிய மூலக் கோப்பும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். படங்களுக்கு விளக்க வரி, காணொளிக்கு வசன வரி இதெல்லாம் பார்வையோ செவியோ குறைந்த மாணவருக்கு அவசியம், ஆனால் அதையும் ஆசிரியர் தலையில் கட்டாமல் நீங்களே சேர்த்துக் கொடுங்கள்.

பதவி உயர்வில் இது கணக்கில் வராதவரை நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நியாயமே இல்லை, இதை நான் எந்தக் கூட்டத்திலும் உரக்கச் சொல்வேன். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பதவி உயர்வு வழிகாட்டியில் திறந்த கல்வி வளங்களையும் கற்பித்தல் தலைமைக்கான சான்றுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது, எனவே இது நடக்காத காரியம் இல்லை. அந்த மாற்றம் உங்கள் கையில் இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம். வருடக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கடிதம்: நீங்கள் பகிர்ந்தது இது, இத்தனை பேர் எடுத்தார்கள், இன்ன இன்ன பாடங்களில் பயன்பட்டதாகத் தெரிகிறது. துறைத் தலைவருக்கும் ஒரு நகல். மதிப்பீட்டுப் படிவத்தோடு இணைக்க அவர்களிடம் தாளாக ஏதாவது இருக்கும்.

தாளைவிடப் பெரியது ஒன்று உண்டு, அதை நான் தற்செயலாகத்தான் கற்றுக்கொண்டேன். புள்ளியியல் ஆசிரியை ஒருவர், நான் வற்புறுத்தியதால் மட்டும், ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்திருந்தார். ஆறு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஓர் ஆசிரியரிடமிருந்து அவருக்கு மின்னஞ்சல் வந்தது. அந்தத் தாளைத் தன் மொழியில் மாற்றி வகுப்பில் கொடுத்தேன், மாணவர்கள் ரசித்துச் செய்தார்கள், ஏழாவது கணக்கில் மட்டும் ஒரு எண் தவறாக இருக்கிறது என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அவர் மனம் சங்கடப்பட்டிருக்குமோ என்று நான் பதறினேன். அவரோ அச்செடுத்த அந்த மின்னஞ்சலோடு என் அறைக்கு வந்து, 'பதினைந்து வருடமாக இந்தத் தாளைக் கொடுக்கிறேன், இந்தத் தவறு என் கண்ணில் படவே இல்லை, எங்கேயோ இருக்கிற ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்திருக்கிறார்' என்றார். அந்த செமஸ்டரிலேயே இன்னும் 14 தாள்கள் தந்தார், பக்கத்து அறையில் இருந்த இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் நான் அந்தத் துறையில் யாரையும் கேட்கவே தேவை இருக்கவில்லை.

ஆகவே உங்கள் களஞ்சியத்தில் ஒவ்வொரு கோப்பின் கீழும், 'இதைப் பயன்படுத்தினீர்களா? ஆக்கியவருக்கு ஒரு வரி எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி வையுங்கள், உள்நுழையச் சொல்லாமல். வரும் ஒவ்வொரு வரியையும் அன்றைக்கே ஆசிரியருக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை நிர்வாகத்துக்குப் பிடிக்கும், ஆனால் அந்த எண்ணுக்கு முகம் கிடையாது. முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதுதான் தயக்கம் என்று மேலே சொன்னேன் இல்லையா, எதிர்முனையிலிருந்து ஒரு குரல் வந்துவிட்டால் அவர் முகம் தெரிந்தவர் ஆகிவிடுகிறார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, கொடுக்கச் சொல்வதற்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். ஓர் ஆசிரியருக்கு அடுத்த வாரம் வேண்டிய வரைபடத்தையோ பயிற்சியையோ திறந்த வளங்களில் நீங்களே தேடிக் கொடுங்கள், எப்படிப் பெயர் குறிப்பிடுவது என்று காட்டுங்கள். பிறர் போட்டிருப்பதும் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தனக்கு எவ்வளவு உதவியது என்று அவரே பார்ப்பார். இரண்டு மூன்று தடவை எடுத்தவர், பெரும்பாலும் நாம் கேட்காமலே 'என்னிடமும் ஒன்று இருக்கிறது' என்பார்.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றீர்கள். அந்த 9 பேரில் உங்கள் பிரிவைச் சேராத 5 பேரை இந்த வாரமே போய்ப் பாருங்கள், ஏன் கொடுத்தார்கள் என்று கேளுங்கள், உங்களுக்கு வேண்டிய விஷயம் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் மூலம் வேறு மூன்று பேரைப் பிடித்து, மேலே சொன்னபடி ஒரு வகுப்பு ஸ்லைடையோ ஒரு பக்கக் குறிப்பையோ அவர்களோடு உட்கார்ந்து தயார் செய்யுங்கள், எவ்வளவு நேரம் ஆனது, எங்கே சிக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அந்த மூன்று கோப்புகளையும் அந்தக் குறிப்பையும் மேசை மேல் வைத்துவிட்டு இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள்: உரிமை பற்றிய அந்த ஒரு பக்கக் கடிதம், அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் துறைகளுக்குப் போய் உதவ ஓர் ஆள். உலக அளவிலான ஆதாரம் காட்டச் சொன்னால், 2019 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட திறந்த கல்வி வளப் பரிந்துரையைக் காட்டுங்கள். அதில் சொல்லப்படும் ஐந்து பகுதிகளில் முதலாவதாக இருப்பது, இவற்றை உருவாக்கவும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் ஆட்களின் திறனை வளர்ப்பது. நீங்கள் கேட்கும் அந்த ஓர் ஆள் அதற்குத்தான். ஒருவேளை இப்போதைக்கு ஆள் கிடைக்காது என்று சொன்னால், கடிதத்தை மட்டுமாவது வாங்கிக்கொண்டு வாருங்கள், அடுத்த செமஸ்டரில் நீங்களே வாரத்துக்கு ஒரு மதியம் ஒதுக்கி, அந்த மூன்று பேரின் துறையிலிருந்தே தொடங்குங்கள்.